கொடிகளுக்கு நடுவே ஒரு வானிலை நிலையம்

எங்கள் தெருவில் என் கணவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "மடிப்பு சார் கடை எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிடும். சலவைக்கடை எங்களுடையது. கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் துவைக்கும் மெஷின்கள், நடுவில் நாங்கள் குடியிருக்கும் வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி முழுக்கத் துணிக்கொடி. தேய்த்த பெட்ஷீட்டை இவர் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். ஒரு நூல் தள்ளியிருந்தால் போதும், உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைக்கூட அப்படித்தான் மடிப்பார் என்று தெரிந்தபிறகு பெருமை போய் எரிச்சல் வந்துவிட்டது.

துணி வெயிலில்தான் காய வேண்டும் என்பது இவருடைய கட்சி. கடையில் உலர்த்தும் மெஷின் ஒன்று இருக்கிறது. மழைநாளில் வேறு வழியில்லாமல் அதில் போடுவார். போடும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ பாவம் செய்கிற மாதிரி இருக்கும். "மெஷின்ல காஞ்ச துணி செத்துப் போயிடுது" என்பார். அப்படியென்றால் வெயிலில் காய்ந்தது மட்டும் எழுந்து நடக்கிறதா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டு, அன்று முழுக்க அவரது தூக்கிவைத்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, மழை என்றால் இவருக்கு ஜென்மப் பகை. ஒரு மத்தியானம், ரேடியோவில் வானம் தெளிவாக இருக்கும் என்று சொன்னதை நம்பி, லாட்ஜில் இருந்து வந்த பெட்ஷீட் அத்தனையையும் கொடியில் போட்டிருந்தோம். மொடமொடவென்று காய்ந்து, எடுக்கலாம் என்று நான் படியேறும் நேரம் பார்த்துக் கொட்டியது பாருங்கள் ஒரு மழை! லாட்ஜ் மேனேஜர் சாயங்காலம் வந்து, "என்ன மடிப்பு சார், ஈரமாவா குடுக்கப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஊருக்கு மழை இல்லைன்னு சொல்றான். நம்ம மாடி ஊருல இல்லையா? எனக்கு ஊரு வேண்டாம். என் மாடிக்கு என்னன்னு யாராவது சொல்லட்டும்" என்று தாம்தூம் என்று குதித்தார்.

யாரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் தானே சொல்லிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு நாள் கூரியரில் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளும் வானிலை நிலையமாம். உள்ளே சன்னல் தட்டிபோல அடுக்கடுக்காகத் தகடு வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார் அதற்குள் இருந்தது. காற்றுக்குச் சுற்றும் மூன்று குட்டிக் கிண்ணங்கள், மழையைப் பிடிக்க ஒரு புனல், இவையெல்லாம் மாடிக்கு. கடைக்குள் வைத்துப் பார்க்க எண்கள் ஓடும் ஒரு திரை.

மாடியில் எங்கே பொருத்துவது என்று எனக்குக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் இவருக்கு எழவில்லை. கொடிகளுக்கு நடுவே ஒரு இரும்புக் கம்பம் உண்டு. எல்லாக் கொடியும் அதில்தான் வந்து முடியும். அதிலேயே முடுக்கிவிட்டார். "துணி எங்க காயுதோ அங்கதானே வானிலை தெரியணும்? வேற எங்கயோ என்ன இருந்தா எனக்கென்ன?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடைத்திரையில் எண்கள் வந்தன. இவருக்குத் தலைகால் புரியவில்லை. துணி வாங்க வந்தவர்களிடம் எல்லாம், "வெளியில என்ன சூடு தெரியுமா?" என்று கேட்டு எண்ணைப் படித்துக் காட்டுவார். அந்தச் சூட்டில் வேர்த்து விறுவிறுத்து வந்தவர்களிடமே! எதிர்க்கடைக்காரர், மூக்குக்கண்ணாடி விற்கிறவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. "சார், வெளியில வந்து நின்னா எனக்கே தெரியுமே!" என்றார்.

இரண்டு மூன்று நாளில் இவருக்குக் குறை வந்துவிட்டது. திரை இப்போது என்ன என்று மட்டும்தான் சொல்கிறது. நேற்று எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று தெரிந்தால்தானே நாளைக்கு யோசிக்க முடியும்? அதற்குத் திரையைக் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. கடையில் ரசீது போட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கேபிளை எடுத்துச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு பின்பக்கம் செருகினார். துணி வாங்க வந்தவர்கள் மேசைக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்களிடம் பேசிவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் தலைகீழாக நின்று பார்த்தும், திரை என்று ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வேலையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிக்கக்கூடிய ஒருத்தி இருந்தாள். எங்கள் மகள். அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து ரசீது போட ஏற்பாடு செய்ததே அவள்தான். ஆனால் அப்பாவும் மகளும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். படித்து முடித்து இரண்டு வருஷம் கடையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பிறகு அவளே நடத்துவாள் என்று இவர் மனதுக்குள் கோட்டை கட்டிவிட்டார், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று, பெட்டியோடு வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, "போறவ போ. இந்தக் கொடியில இனி உனக்கு ஒரு கிளிப்கூடக் கிடையாது" என்று சொன்னார் மனுஷன். அவளுக்கு மட்டும் வாய் குறைச்சலா? "உங்க கொடியை நீங்களே கட்டிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இரண்டு பேருக்கும் ஒரே மண்டை, ஒரே பிடிவாதம். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

அவள் போன் செய்வாள். இவர் எடுத்தால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான் பேச்சு. நான் வைத்ததும், காதை மட்டும் இங்கே நீட்டிக்கொண்டிருந்தவர், "என்னவாம் உன் பொண்ணுக்கு?" என்பார். முன்பு எப்போதும் 'பாப்பா'தான். கிளம்பிப் போன நாளிலிருந்து 'உன் பொண்ணு'. அந்தப் பக்கம் அவளோ, "உன் வீட்டுக்காரர் மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்று கேட்பாள். என் பொண்ணு, என் வீட்டுக்காரர். இரண்டு பேரையும் நான்தான் எங்கிருந்தோ வேலைக்குக் கூட்டிவந்து வைத்த மாதிரி! அவளுக்கு அப்பா வேண்டும், இவருக்குப் பாப்பா வேண்டும், எனக்கு இரண்டு பேரும் வேண்டும். இந்த ஜென்மத்தில் இவர்கள் பேசிக்கொள்ளாமலே போய்விடுவார்களோ என்று நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அதனால், கேபிளோடு மல்லுக்கட்டியவர் ஒரு நாள் காலையில், யாரையோ கேட்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இது யாருக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றதும் நான் பிடித்துக்கொண்டேன். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆனால் எழுந்து போகவில்லை. அதைக் கவனித்தேன்.

"அப்பா ஒரு வானிலை நிலையம் வாங்கியிருக்கார்டி. கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது."

"என்ன கேபிள் போட்டிருக்கார்னு கேளும்மா."

"என்ன கேபிள்னு கேக்கறா."

"கேபிள்தான், வேற என்ன கயிறா?" என்றார் இவர்.

"கேபிளாம்."

"அது தெரியுது. பெட்டியோட வந்ததா, இல்ல போன் சார்ஜரோடதான்னு கேளு."

கேட்டேன். இவருடைய முகம் மாறியது. பெட்டியோடு வந்த கேபிள் குட்டையாக இருக்கிறது, மேசைக்கு எட்டவில்லை என்று என்னுடைய சார்ஜரில் இருந்து நீளமானதைக் கழற்றியிருக்கிறார்! ஒரு வாரமாக என் போன் ஏன் சரியாகச் சார்ஜ் ஆகவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அது கரண்ட் மட்டும் கடத்தும்மா, தகவல் கடத்தாது. சில சார்ஜர் கேபிள் அப்படித்தான். பழசையே போடச் சொல்லு. மேசைக்கு எட்டலைன்னா மேசையை நகர்த்தச் சொல்லு."

"மேசையை நகர்த்தணுமாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் இவர். மேசையை நகர்த்தினார். குட்டைக் கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ஒரு வாரமாக அந்த ஒரு சத்தத்துக்காகத் தவம் கிடந்தவர், சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தார்.

அதற்குமேல் சாஃப்ட்வேர் போட வேண்டும், வேறு என்னென்னவோ செய்ய வேண்டுமாம். அவளே அங்கிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து செய்கிறேன் என்றாள். ஏதோ எண் கேட்டாள், சொன்னேன். உடனே திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. மவுஸை யாரும் தொடவில்லை. அம்பு அங்கே போகிறது, இங்கே திறக்கிறது, மூடுகிறது. நடுவில் ஒரு இடத்தில் நின்று வட்டம் வட்டமாகச் சுற்றியது.

இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யோசிக்கிறா" என்றார் மெதுவாக. "யோசிக்கும்போது இப்படித்தான் சுத்துவா. அந்தப் பழக்கம் இன்னும் போகலை."

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காருங்களேன் என்றேன், உட்காரவில்லை. அம்பு வேலையை முடித்துக்கொண்டு திரையின் ஓரத்துக்குப் போய் நிற்கும்வரை அப்படியே நின்றார். எனக்கு 'ஒரு வார்த்தை பேசித் தொலையேன்' என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் இவர், "தேங்க்ஸ் சொல்லிடு உன் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு இஸ்திரி மேசைக்குப் போய்விட்டார்.

அவள் இன்னொன்றும் செய்திருந்தாள். வீட்டில் வானிலை நிலையம் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறதாம். எங்கள் மாடியின் எண்கள் அதில் தானாகப் போய்ச் சேரும்படி வைத்துவிட்டாள். அந்த வரைபடத்தில் எங்கள் மாடிக்கும் ஒரு புள்ளி! இவர் அதை எதிர்க்கடைக்காரருக்குக் காட்ட, அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டா இருக்கு உங்க மாடி?" என்றார்.

இனிமேல்தான் கூத்து. ஈரப்பதம் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் மழை வரப்போகிறது என்று இவராகவே ஒரு சட்டம் போட்டார். காலையில் திரையைப் பார்ப்பார். ஈரம் குறைவு. "போடு துணியை!" நாங்கள் இருவரும் கூடைகூடையாகத் தூக்கிப் போய்க் கொடி முழுக்க விரிப்போம். இறங்கிவந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தால், ஈரம் கிடுகிடுவென்று ஏறித் தொண்ணூறைத் தாண்டி நிற்கும். "மழை வருது! எடு, எடு!" திரும்ப ஓட்டம். பாதி காய்ந்தும் காயாததுமாக வாரிக்கொண்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் ஈரம் இறங்கிவிடும். "மழை போயிடுச்சு. போடு!" வெளியே பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

"நான் என்ன மனுஷியா, பந்தா? மேலயும் கீழயும் எறிஞ்சு பிடிக்கிறீங்க!" என்று கூடையைத் தொப்பென்று போட்டேன்.

"நான் என்ன பண்றது? மெஷின் சொல்லுதே."

"மெஷின் சொன்னா வானத்தைப் பாக்கக் கூடாதுன்னு இருக்கா?"

எதிர்க்கடைக்காரர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணி, துணிக்கு எக்சர்சைஸா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தலையில் ஒரு ஈர பெட்ஷீட்டைப் போட்டிருப்பேன்.

உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. சில நாள் ஓடி ஓடிக் களைத்தபிறகு, ஈரப்பதம் சொல்லும் பகுதி ஒரு பயந்தாங்கொள்ளி, அதன் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று இவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். காற்றழுத்தம் என்று இன்னொரு எண் இருந்தது. கம்ப்யூட்டரில் பழைய கோடுகளைப் பார்த்துப் பார்த்து, அது சரசரவென்று இறங்கினால்தான் மழை என்று கண்டுபிடித்தார். ஒரு மத்தியானம் அது இறங்குவதைப் பார்த்துத் துணியை எடுத்தோம். கடைசிக் கூடையோடு நான் படியிறங்குகிறேன், பின்னாலேயே சடசடவென்று வந்துவிட்டது மழை. இவர் கடை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, மழையை நேருக்கு நேர் பார்த்து, "இப்ப என்ன பண்ணுவ?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் எனக்கும் அவருக்குமாக அவரே டீ போட்டார்.

மாதங்கள் இப்படி நன்றாகவே போயின. வேலை இருந்தது, மழையில் துணி நனையவில்லை. மகள் என்னோடு பேசினாள், அப்பாவைப் பற்றி முன்னைவிடக் குறைவாகவே விசாரித்தாள். அதுதான் எனக்கு உறுத்தல். மறந்துவிட்டாளோ, விட்டுவிட்டாளோ என்று உள்ளுக்குள் அரித்தது.

ஒரு சனிக்கிழமை இவர் அந்த இணையப் பக்கத்தைத் திறந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் புள்ளி சிவப்பாகியிருந்தது. கீழே ஒரு குறிப்பு. இந்த நிலையத்தின் ஈரப்பதமும் காற்றும் பக்கத்து நிலையங்களோடு ஒத்துப்போகவில்லை, நம்பத்தகுந்ததாக இல்லை, சென்சார் இருக்கும் இடத்தைச் சரிபார்க்கவும் என்று.

"நம்பத்தகுந்ததா இல்லையாம்" என்றார். "என்னை."

"உங்களை இல்லைங்க, பெட்டியை."

"என் மாடிதானே? என் பேர்தானே?" இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சட்டைப் பொத்தான் தொலைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்த மனுஷனுக்கு முகம் தெரியாத யாரோ சிவப்புப் புள்ளி வைத்துவிட்டார்கள். காலைச் சாப்பாடுகூட இறங்கவில்லை அவருக்கு.

விடுவிடுவென்று மாடிக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். கொடி முழுக்கத் துணி. கம்பத்தைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பெட்ஷீட்டை விலக்கினோம், இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் நாலாபுறமும் சொட்டச்சொட்ட ஈரத்துணி சூழ, மேலே ஒரு தலையணை உறை கவிழ்ந்து, நடுவில் நின்றது எங்கள் வானிலை நிலையம். காற்றுக்கிண்ணம் ஒரு பெட்ஷீட்டில் சிக்கிக்கொண்டு அசையக்கூட முடியாமல் கிடந்தது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

"நம்ம துணி ஈரத்தையே அளந்து நம்மகிட்ட சொல்லியிருக்கு" என்றார்.

"அதைக் கேட்டு நாம மேலயும் கீழயும் ஓடியிருக்கோம்" என்றேன். எங்கள் இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தெருவில் இருந்து எதிர்க்கடைக்காரர் என்ன என்ன என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் ஓட்டுவார்.

மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், கொடியெல்லாம் தாண்டி, உயரமான குழாய் நட்டு அதன் உச்சியில் நிலையத்தை மாற்றினார். கிண்ணங்கள் காற்றில் பிய்த்துக்கொண்டு சுற்றின. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் துணி போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஈரப்பதக் கோடு ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. புள்ளி பச்சையாகிவிட்டது. இவர் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இரண்டு சட்டையைத் தேய்த்தார்.

நான் பின்பக்கம் மெஷின் சத்தத்தில் இருந்தேன். என் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அடுத்துக் கடை போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இவர் எடுத்து, "இரு, அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்துவிட்டார். வாக்கியம் முடியவில்லை.

"அப்பா! உங்களுக்கு என்னப்பா ஆச்சு?"

என் மகளுக்கு என் தொண்டை. போனில் பேசினாலும் கடை முழுக்கக் கேட்கும். அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே. சட்டை தேய்ச்சிட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியில இருக்கீங்களா? அம்மா ஏன் போன் எடுக்கல?"

"கடையிலதான் இருக்கேன். ஏன், என்ன?"

"அப்ப ஏன் இன்னைக்குத் துணி போடல?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கதவிலேயே நின்றுவிட்டேன்.

"துணி போடலைன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தான் நெட்டுல தினமும் உங்க மாடியைப் பாக்கறேனே! அங்க காலையில எட்டு மணிக்கு மேல ஈரம் ஏறும். ஏறுச்சுன்னா அப்பா மாடிக்குப் போயிட்டார், கொடியில போட்டுட்டார், நல்லா இருக்கார்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுதான் நான் இங்க ராத்திரி படுப்பேன். மத்தியானம் இறங்குச்சுன்னா காஞ்சுடுச்சு, எடுத்துட்டீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏறாது, லீவு. இன்னைக்குத் திங்கக்கிழமைப்பா! ஏறவே இல்லை. படுத்தேன், எழுந்தேன், திரும்பத் திரும்பப் பாக்கறேன், ஏறவே இல்லை..."

இவர் இஸ்திரிப்பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு நின்றார். நான் ஓடிப்போய் அதைத் தூக்கி நிறுத்தினேன். இல்லாவிட்டால் அன்றைக்கு முதல் புகார் வந்திருக்கும்.

"பெட்டியை இடம் மாத்திட்டேன்" என்றார் கடைசியில். "துணிக்கு நடுவுல இருந்துச்சு. தப்பான இடமாம். சிவப்புப் புள்ளி வச்சிட்டாங்க. அதான் தொட்டிகிட்ட..."

"தப்பான இடம்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திடுவீங்களே!"

இவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அன்றைக்கு அம்பு நகர்ந்தபோது உட்காராத அதே நாற்காலி. போனை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். கண் இரண்டும் குளம் மாதிரி நிறைந்திருந்தது.

"பாப்பா" என்றார்.

அங்கே இருந்து விசும்பல் கேட்டது.

"பாப்பா, அன்னைக்கு நான் கிளிப்பு கிடையாதுன்னு சொன்னது... அது சும்மா. கோபத்துல வந்த பேச்சு. மொத்தக் கொடியும் உனக்குத்தான். நீ எங்க இருந்தாலும் உனக்குத்தான்."

"நான் மட்டும் என்ன பேசினேன்! கட்டிட்டு அழுங்கன்னு சொல்லிட்டு வந்து, நான்தாம்பா இங்க உக்காந்து அழுதேன்."

"அம்மாகிட்ட குடுக்கவா?"

"வேண்டாம்பா. நீங்களே பேசுங்க."

பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். அவள் என்ன சாப்பிடுகிறாள், அங்கே துணி எங்கே காயப்போடுகிறாள் என்று இவர் கேட்க, மெஷினில்தான் என்று அவள் சொல்ல, "செத்துப் போயிடுமே!" என்று இவர் பதற, இரண்டு பேரும் சிரிக்க, இரண்டு வருஷமாகத் தபால்காரி வேலை பார்த்த எனக்குப் போனைக் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை! துணி வாங்க வந்த லாட்ஜ் மேனேஜருக்கு நான்தான் பெட்ஷீட் மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். "சார் யார்கூட இவ்வளவு நேரம்?" என்றார். "எங்க பொண்ணு" என்றேன். 'எங்க' என்று சொல்ல எத்தனை நன்றாக இருந்தது தெரியுமா!

போனை வைத்ததும் இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடியேறினார். தொட்டிப் பக்கம் இருந்து நிலையத்தைக் கழற்றிப் பழைய கம்பத்திலேயே, ஈரத்துணிகளுக்கு நடுவே முடுக்கினார். கோடு விறுவிறுவென்று ஏறியது. புள்ளி சாயங்காலமே சிவப்பாகிவிட்டது.

"என்ன மடிப்பு சார், மறுபடியும் சிவப்பு வாங்கிட்டீங்க போல?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"அது அப்படித்தான் இருக்கணும்" என்றார் இவர், சட்டைக் காலரை மடித்துக்கொண்டே.

போன ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை, நான் கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்தேன். மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வெறும் கொடிகளுக்கு நடுவே இவர் குளித்த தலையோடு நின்று, தன் துண்டைக் கம்பத்துக்குப் பக்கத்தில், அந்த வெள்ளைப் பெட்டியை ஒட்டினாற்போல விரித்துக்கொண்டிருந்தார். துண்டில் இருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாகத் தரையில் வடிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு வடிந்தாலும் என்னை வறுத்தெடுக்கிற மனுஷன்!

"ஏங்க, நல்லாப் பிழிஞ்சு போடக் கூடாதா?"

"பிழிஞ்சா சீக்கிரம் காஞ்சிடும்" என்றார் இவர். "அவ தூங்கற வரைக்குமாவது ஈரம் இருக்க வேண்டாமா?"